சைக்கிள் செயினுக்கு மாற்று என்ன? பெல்ட், ஷாஃப்ட், அப்புறம் நாம் கழற்றிப் போட்ட செயின் கவர்

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவர்களிடம் வண்டியில் எது தொல்லை என்று கேட்டுப் பாருங்கள், இரண்டே பதில்தான் வரும். ஒன்று பஞ்சர், இன்னொன்று செயின். பஞ்சரைப் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடலாம். செயின் தொல்லை அப்படி ஒரே நாளில் முடிவதில்லை. மழையில் நனைந்தால் இரண்டு நாளில் துருவேறும், எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டும், விடாவிட்டால் கீச்சிடும், பேண்ட்டின் வலது கால் மடிப்பில் கறுப்புக் கோடு விழும், அவசரமாகக் கிளம்பும் நாளாகப் பார்த்துக் கழன்று தொங்கும், அதை மாட்டிய கையோடு அலுவலகத்துக்குள் நுழையவும் முடியாது.

அதனால் செயினே இல்லாத சைக்கிள் என்று எங்காவது படித்தால் ஆசை வருவது நியாயம்தான். கார்பன் நார் வைத்த பெல்ட், செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட், மிதித்தால் மின்சாரம் உண்டாகி அது மோட்டாரை ஓட்டும் வண்டி என்று மாற்றுகள் நிறையவே வந்துவிட்டன. இவற்றில் எது அன்றாடம் ஓட்டுகிறவருக்கு உதவும், எது உதவாது, ஏன் என்று பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயின் மோசமான பொருள் இல்லை, அதை மண்ணும் மழையும் படும்படி திறந்து விட்டதுதான் மோசம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த மாற்று எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காமல் வேறு தொல்லையைக் கொண்டுவருகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் செயினைப் பற்றி. இன்றைக்கு நாம் பார்க்கும் ரோலர் செயினுக்கு 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கினார். ஐந்து வருடம் கழித்து, 1885இல், கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள் பின் சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. அதற்கு முன்னால் இருந்த உயர்ந்த சக்கர வண்டியில் பெடல் நேராக முன் சக்கரத்திலேயே இருந்தது, வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழி, விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டும். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்ன பல்சக்கரம், நடுவில் செயின் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்துக்கு வந்தன, கால் தரையில் எட்டியது, சைக்கிள் எல்லோருக்குமான வண்டியானது.

140 வருடம் ஆகியும் அதே செயின் ஏன் நிலைத்து நிற்கிறது? மிதிக்கிற சக்தியை அது மிகக் குறைவாகத்தான் தின்கிறது. 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் இதை அளந்து பார்த்தார்கள். நல்ல நிலைமையில் கொடுத்த சக்தியில் 98.6 சதவீதம் வரைக்கும் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, மோசமான நிலைமையில் 81 வரை இறங்கியது. செயின் இழுத்துப் பிடித்திருக்கும்போது இழப்பு குறைவு, பல்சக்கரம் பெரிதாக இருந்தாலும் இழப்பு குறைவு. இன்னொன்றையும் கவனித்தார்கள்: சுத்தமான ஆய்வுக்கூடத்தில் எந்த எண்ணெய் விட்டார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. தெருவில் எண்ணெயின் முக்கியமான வேலை தண்ணீரையும் மண்ணையும் உள்ளே விடாமல் தடுப்பது, அந்த வேலை ஆய்வுக்கூடத்தில் கிடையாது.

செயின் தேய்வதும் மண்ணால்தான். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வோம், உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி புஷ் என்ற சின்னக் குழாய், அதற்கு மேல் உருளும் ரோலர். எண்ணெயோடு கலந்த மணல் அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து அரைக்கிறது, ஒவ்வொரு கண்ணியிலும் இடைவெளி இம்மி இம்மியாக விரிகிறது, நூற்றுக்கு மேல் கண்ணிகள் இருப்பதால் மொத்தத்தில் அது நீளமாகத் தெரிகிறது. ஒரு கண்ணி அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது, எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். கடையில் செயினை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்து, பழைய பல்லில் அது குதிக்கிறது என்று திரும்பப் போகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

கியர் சைக்கிளில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக் கியர் மாற்றும் டிரெயிலியர் வைத்த வண்டியில் செயின் பல்லுக்குப் பல் தாவ வேண்டும், பக்கவாட்டில் வளைய வேண்டும், அதற்காக மெலிந்துகொண்டே வந்தது, 1980கள் முதல் தனிப் புஷ்ஷே இல்லாத அமைப்புக்கு மாறியது. ஒரே பல்சக்கரத்தில் நேராக ஓடுகிற, எட்டில் ஒரு பங்கு அங்குல அகலமுள்ள, பழைய காலத்து தடித்த செயினுக்கு இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. அதோடு டிரெயிலியரைப் பெட்டி போட்டு மூடவும் முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஷாஃப்ட்டுக்கு வருவோம். செயின் வேண்டாம் என்ற எண்ணம் செயின் வந்த உடனேயே வந்துவிட்டது. லண்டனில் ஃபியர்ன்ஹெட் என்பவர் 1890இல் பெவல் கியர், அதாவது சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் சாய்ந்த பற்கள் உள்ள சக்கரம், வைத்த ஷாஃப்ட் சைக்கிள் செய்து அடுத்த வருடம் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் கொலம்பியா சைக்கிளைச் செய்த போப் நிறுவனம் 1897இல் செயின் இல்லாத வண்டியைப் பெரிய விளம்பரத்தோடு இறக்கியது. அதன் விலை 125 டாலர். அவர்களுடைய செயின் வண்டியோ 75 டாலர். 1898, 1899இல் ஓரளவு விற்றது, அப்புறம் அடங்கிவிட்டது. விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் காலத்துப் பற்களில் ஏறக்குறைய 8 சதவீதம் சக்தி வீணானது. மூன்றாவது, பஞ்சர் ஒட்டப் பின் சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலையாக இருந்தது. இந்த மூன்றில் விலையும் பற்களின் தரமும் இன்றைக்கு எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் ஷாஃப்ட் சைக்கிள் பரவவில்லை, அதற்கு ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் ஷாஃப்ட் நன்றாகவே வேலை செய்கிறது, பிஎம்டபிள்யூ 1923இல் ஆர்32 வண்டியில் தொடங்கியதை இன்றுவரை விடவில்லை. எஞ்சின் வேகமாகச் சுழலும், ஒவ்வொரு சுற்றிலும் திருகுவிசை கொஞ்சம்தான். மனிதக் கால் நேர் எதிர். நிமிடத்துக்கு 60, 70 சுற்றுதான், ஆனால் மிதி பலமானது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று ஒரு பெடலில் முழு எடையையும் போடுகிறார் என்று வையுங்கள். பெடலைத் தாங்கும் கிராங்க் 17 சென்டிமீட்டர். திருகுவிசை ஏறக்குறைய 117 நியூட்டன் மீட்டர் வருகிறது, இது நம் ஊர் 150 சிசி பைக்கின் எஞ்சின் தருவதைப் போல எட்டு மடங்குக்கு மேல். 44 பல் உள்ள முன் பல்சக்கரத்தின் ஆரம் சுமார் 9 சென்டிமீட்டர், அதில் சுற்றும் செயினில் இந்த மிதி 130 கிலோ எடைக்குச் சமமான இழுவையாக வரும், அதையும் சக்கரத்தின் பாதிச் சுற்றில் இருக்கும் இருபதுக்கு மேற்பட்ட பற்கள் பகிர்ந்துகொள்ளும். பெவல் கியரோ சின்னதாகத்தான் இருக்க முடியும், காலில் இடிக்கக்கூடாதே. அதன் ஆரம் 4 சென்டிமீட்டர் என்று வைத்தால் அதே மிதி பல்லில் 300 கிலோவாக இறங்குகிறது, அதைத் தாங்குவது அந்த நேரத்தில் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும் ஓரிரு பற்கள் மட்டும். இரண்டு பற்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளப் பார்க்கும், ஃபிரேம் கொஞ்சம் வளைந்தாலும் கவ்வல் தவறும். இதைத் தடுக்கத் தடித்த உறை, வலுவான பேரிங், கனமான ஃபிரேம் என்று எடை ஏறுகிறது.

அப்படியானால் ஷாஃப்ட்டுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2016இல் ஷாங்காயில் தெருவோரம் நிறுத்தி வாடகைக்கு விட்ட மோபைக் நிறுவனத்தின் முதல் வண்டி ஷாஃப்ட்டில்தான் ஓடியது. காற்று அடைக்காத கெட்டி டயர், துருப்பிடிக்காத அலுமினியம், எண்ணெய் கேட்காத ஷாஃப்ட், யாரும் சொந்தமாகப் பார்த்துக்கொள்ளாத வண்டிக்கு இது சரியான கணக்கு. ஆனால் அது 25 கிலோ இருந்தது, மிதிக்கக் கனமாக இருந்தது என்று ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். சில மாதத்திலேயே எடை குறைந்த இரண்டாவது மாடலை நிறுவனம் கொண்டுவந்தது, அதில் செயினுக்குத் திரும்பிவிட்டார்கள். ஷாஃப்ட்டைப் பற்றி இதைவிட நேர்மையான சோதனை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பராமரிப்பு செலவைக் கம்பெனி ஏற்கும் இடத்தில்கூட, மிதிப்பவரின் முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்றைக்கு உண்மையான போட்டி பெல்ட்டிடமிருந்துதான் வருகிறது. பெல்ட் என்றதும் மாவு மில்லில் ஓடும் தட்டை பெல்ட்டை நினைக்க வேண்டாம், இது உள்பக்கம் பல் வைத்தது, பல்சக்கரத்தில் கவ்வி ஓடுவது, வழுக்காது. ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் 1980களிலேயே பெல்ட் சைக்கிள்கள் விற்றது, வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கான அதன் பெல்ட் வண்டிகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. இங்கிலாந்தில் மார்க் சாண்டர்ஸ் வடிவமைத்து 1987இல் வந்த ஸ்ட்ரைடா என்ற மடிக்கும் சைக்கிளும் பெல்ட்தான், மடித்து ரயிலில் தூக்கிக்கொண்டு போகும்போது உடையில் கறை படக்கூடாது என்றால் வேறு வழியும் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஹார்லி டேவிட்சன் 1980 முதல் பெல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. அந்த பெல்ட் அனுபவம் நிறைய உள்ள அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம், 2000களின் இறுதியில் கார்பன் நார்களை பாலியூரித்தேனில் புதைத்த சைக்கிள் பெல்ட்டைக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற பெரிய கம்பெனிகளும் இறங்கின.

இதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணெய் வேண்டாம், துரு கிடையாது, சத்தம் கிடையாது, துணியில் கறை கிடையாது. அழுக்கானால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். கார்பன் நார் நீள்வதில்லை, அதனால் ஒருமுறை சரியாக இறுக்கினால் நீண்ட நாள் அப்படியே நிற்கும். டிரெயிலியர் செயின் மழையும் சேறும் உள்ள ஊரில் 3,000 முதல் 5,000 கிலோமீட்டரில் போய்விடும், பெல்ட் அதைப்போலப் பல மடங்கு ஓடும். ஐரோப்பாவில் மின்சார சைக்கிள் பெருகியதும் பெல்ட்டுக்குப் பெரிய வாசல் திறந்தது. பெடல் பக்கத்தில் மோட்டார் வைத்த வண்டியில் காலின் விசையோடு மோட்டாரின் 50 முதல் 85 நியூட்டன் மீட்டரும் சேர்ந்து அதே செயினை இழுக்கிறது, செயின் சீக்கிரம் தேய்கிறது, விலையுயர்ந்த வண்டி வாங்கியவர் மாதாமாதம் எண்ணெய்த் துணியோடு உட்காரத் தயாராக இல்லை.

ஆனால் பெல்ட் தனியாக வராது. அதைக் கண்ணி கழற்றித் திறக்க முடியாது, அது ஒரே வளையம். பின் சக்கரத்தின் வலப்பக்கம் ஃபிரேமின் இரண்டு குழாய்களும் முக்கோணமாக மூடியிருக்கின்றன, செயினை அதற்குள் கோத்து இணைத்துவிடலாம், பெல்ட்டை உள்ளே விட வேண்டுமென்றால் ஃபிரேமையே ஒரு இடத்தில் வெட்டிப் போல்ட் போட்டு மூடும்படி செய்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் சைக்கிளுக்கு பெல்ட் போடலாமா என்று கேட்பவர்களுக்கு அநேகமாக இதுதான் பதில்: முடியாது, புது ஃபிரேம் வேண்டும். வெட்டி இணைக்கக்கூடிய பெல்ட்டை வியர் என்ற அமெரிக்க நிறுவனம் விற்கிறது என்றாலும், அதற்கும் முன் பின் பல்சக்கரங்களை மாற்றியாக வேண்டும், இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது இறுக்கம். செயினில் அரை அங்குலம் தொய்வு இருந்தாலும் ஓடும், பெல்ட் தொய்ந்தால் பல் தாவும், அதிகம் இறுக்கினால் பேரிங்கைத் தின்னும். வீணைத் தந்தியைச் சுண்டுவதுபோல பெல்ட்டைச் சுண்டி, அதன் அதிர்வைக் கைபேசி செயலியில் கேட்க வைத்து இறுக்கத்தை அளக்கும் வழியை கேட்ஸ் நிறுவனமே தருகிறது. மிதிக்கும் முன்பே கொடுத்து வைக்கும் இந்த முன்னிறுக்கம்தான் பெல்ட்டின் சக்தி இழப்புக்கும் காரணம். சோதனைகளில் 250 வாட் மிதிக்கும்போது நல்ல செயின் சுமார் 3 வாட் தின்கிறது, பெல்ட் சுமார் 4 வாட். பெல்ட்டின் இழப்பில் பெரும்பங்கு முன்னிறுக்கத்திலிருந்து வருவதால், மெதுவாக மிதித்தாலும் அது அவ்வளவாகக் குறையாது. அதனால் 100 வாட்டில் நிதானமாகப் போகிறவருக்கு விகிதத்தில் இழப்பு கொஞ்சம் கூடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தச் சதவீதங்களைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகமாக ஏறுவதால், சக்தியில் 3 சதவீதம் குறைந்தால் வேகத்தில் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான் குறையும். அரை மணி நேரப் பயணத்தில் அது அரை நிமிடத்துக்கும் குறைவு. ஒரு சிக்னலில் நிற்பது அதைவிட அதிகம். டயரில் காற்று பாதி இறங்கியிருந்தால் போகிற சக்தி இந்த எல்லாவற்றையும் விட அதிகம். பந்தயம் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு வாட்டும் முக்கியம், வேலைக்குப் போகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியது பராமரிப்பையும் விலையையும் உதிரிபாகத்தையும் பார்த்து.

உதிரிபாகம் என்று வந்தால் பெல்ட் நம் பக்கத்தில் தடுமாறுகிறது. ஐரோப்பாவில் ஒரு பெல்ட் மட்டும் 70, 80 யூரோ. பல்சக்கரங்கள் தனி. மடித்தாலோ முறுக்கினாலோ உள்ளே கார்பன் நார் முறிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, ஒருநாள் நடுவழியில் அறும். பல்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கூரான கல் சிக்கினாலும் அதே கதி. அறுந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும், அதுவரை வண்டி நிற்கும். செயின் அறுந்தால்? எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் ஒரு கண்ணியைத் தட்டி இணைத்துக் கொடுத்துவிடுவார்கள், புதுச் செயினே சில நூறு ரூபாய்தான். உலர்ந்த புழுதியில் பெல்ட் கிறீச்சிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரோ சிலிக்கான் ஸ்பிரேயோ அடித்தால் அடங்கும்.

கியர் வேண்டுமென்றால் பெல்ட்டோடு பின் சக்கரத்தின் நடு உருளைக்குள் அடங்கிய ஹப் கியரோ பெடல் பக்கத்துக் கியர் பாக்ஸோ வர வேண்டும், பெல்ட் பல்லுக்குப் பல் தாவாது. ஹப் கியர் பழைய விஷயம், நாட்டிங்ஹாமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் உலகம் முழுக்க ஓடியது. இன்றைக்கு ஷிமானோ மூன்று முதல் பதினொன்று வரைக்கும் கியர் உள்ள ஹப்களைச் செய்திருக்கிறது, ஜெர்மனியின் ரோலோஃப் 1998 முதல் 14 கியர் ஹப்பை விற்கிறது, அதன் விலையில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கலாம். 2001இல் செஸ்டர் கைலும் ஃபிராங்க் பெர்டோவும் அளந்தபோது ஹப் கியர்கள் டிரெயிலியரைவிடச் சராசரியாக 2 சதவீதம் பின்தங்கின. நான் மேலே போட்ட கணக்கின்படி இது பெரிய விஷயமே இல்லை, எல்லாப் பல்லும் மூடிய உருளைக்குள் எண்ணெயில் கிடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். நின்ற இடத்தில் கியர் மாற்றலாம், சிக்னலில் இது எவ்வளவு உதவி என்பது நகரத்தில் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் 2010இல் வந்த ஸ்ட்ரிங்பைக், இரண்டு பக்கமும் கயிறு இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றியது, பார்க்க அழகு, உதிரிபாகம் அவர்களிடம் மட்டும். டென்மார்க்கின் செராமிக்ஸ்பீட் 2018இல் பேரிங் உருளைகளையே பற்களாக்கி ஒரு ஷாஃப்ட் காட்டி 99 சதவீதம் என்றது, அது பந்தய வண்டிக்கான கனவு. கொஞ்சம் யோசிக்க வைப்பது மின்சார வழி. 2012இல் கொரியாவின் மாண்டோ நிறுவனம் ஃபுட்லூஸ் என்று ஒரு மடிக்கும் வண்டியைக் காட்டியது, அதை வடிவமைத்தவரும் ஸ்ட்ரைடாவின் அதே மார்க் சாண்டர்ஸ். பெடல் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும், சக்கரத்தில் மோட்டார், நடுவில் மின்கம்பி மட்டும். ஜெர்மனியின் ஷெஃப்லர் 2021இல் இதே வழியில் ஃப்ரீ டிரைவ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கால் விசை மின்சாரமாகி மீண்டும் விசையாகும்போது ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு, பேட்டரி தீர்ந்தால் மிதித்தே வீடு சேர்வது கடினம். சரக்கு ஏற்றும் மூன்று, நான்கு சக்கர வண்டிக்கு இது பொருந்தலாம், பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தாலும் கம்பி இழுத்துவிட்டால் போதும். சாதாரண சைக்கிளுக்கு இது தேவையில்லாத சிக்கல்.

இப்போது நான் சொல்ல நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். செயினின் தொல்லை எல்லாம் மண்ணாலும் தண்ணீராலும் வருகிறது என்றால், மண்ணும் தண்ணீரும் படாமல் மூடினால் என்ன? இதை நூறு வருடத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் ஜான் மார்ஸ்டன் செய்த சன்பீம் சைக்கிளில் செயின் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் தோய்ந்தபடி ஓடியது, அந்த வண்டிகளின் செயின்கள் பல பத்து வருடங்கள் உழைத்ததாகப் பெயர். நெதர்லாந்தில் வீட்டுக்கு வீடு நிற்கும் நகரத்து சைக்கிளில் இன்றும் முழு செயின் பெட்டி உண்டு, மழையில் வெளியில் கிடந்தாலும் வருடக்கணக்கில் யாரும் செயினைத் தொடுவதில்லை. ஜெர்மனியின் ஹெபி நிறுவனம் செயின்மேலேயே தொட்டும் தொடாமலும் உட்காரும் பிளாஸ்டிக் உறை ஒன்றை விற்கிறது, ஒற்றைப் பல்சக்கரமோ ஹப் கியரோ உள்ள வண்டியில் பொருத்தலாம், பல் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

நம்மிடமும் இருந்தது. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளாகட்டும், வடக்கிலிருந்து வந்த ஹீரோ, அட்லஸ் ஆகட்டும், கறுப்பு நிறத்தில் தடித்த குழாயோடு வந்த அந்த ரோட்ஸ்டர் வண்டிகளில் முழு செயின் கவரைப் பார்க்கலாம். வேட்டி கட்டியவரும் சேலை, தாவணி கட்டியவரும் ஓட்டிய வண்டி, துணி செயினில் சிக்கினால் ஆளே விழ வேண்டியதுதான், அதனால் கவர் அழகுக்கு வைத்ததில்லை, உயிர்ப் பாதுகாப்புக்கு வைத்தது. பொருளாதாரத் தடையில் எரிபொருள் இல்லாமல் போன 1990களில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது, விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள், புது உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் ஒரு செயின் நீடித்து உழைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் மலைப்பாதை வண்டி மாதிரித் தோற்றமுள்ள சைக்கிள்கள் வந்தன. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஏழு பல்சக்கரம், திறந்த செயின், மட்கார்டுகூடச் சரியாகக் கிடையாது. காட்டில் ஓட்டுவதற்கு என்று வகுத்த வடிவத்தை, தினமும் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலையில் போகிறவருக்கு விற்றார்கள், நாமும் கியர் உள்ளது என்று வாங்கினோம். அதில் பாதிக் கியரை யாரும் தொடுவதே இல்லை, ஆனால் அந்தக் கியருக்காக மெலிந்த செயினும், துருவேறும் டிரெயிலியரும், மூட முடியாத அமைப்பும் நம் தலையில் வந்து விழுந்தன. செயின் மோசம் என்ற பேச்சு இங்கே வலுத்ததற்கு இந்த மாற்றம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேதம் செய்தது தவறான வண்டி, பழி விழுந்தது செயின் மேல். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்படியென்றால் யார் எதை வாங்கலாம்? சமதள ஊரில், தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர் என்றால் ஒற்றைப் பல்சக்கரம், தடித்த செயின், முழு கவர், இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மேடுபள்ளம் உள்ள ஊரென்றால் அதே ஏற்பாட்டில் மூன்று கியர் ஹப். நல்ல விலை கொடுத்து மின்சார சைக்கிள் வாங்குகிறவர், வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், விற்ற கம்பெனியின் சர்வீஸ் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் பெல்ட் வாங்குங்கள், தயங்காமல் வாங்குங்கள், ஒரு உபரி பெல்ட்டையும் அப்போதே வாங்கி மடிக்காமல் வளையமாகவே எடுத்து வையுங்கள். பெல்ட் வண்டியைப் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் பெல்ட்டின் பல்லையும் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், நார் வெளியே தெரிந்தாலோ பல் கூர்ந்திருந்தாலோ புது பெல்ட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கான சைக்கிள்களை வாங்கித் தருகிற இடத்தில் ஊர்க் கடையில் பழுதுபார்க்கக்கூடிய செயின்தான் சரி.

ஏற்கனவே கியர் சைக்கிள் வைத்திருப்பவர் உடனே புதிதாக வாங்க வேண்டியதில்லை. செயினை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்து ஆறவிட்டு மாட்டலாம். மெழுகு கெட்டியாகிவிடுவதால் புழுதி ஒட்டாது, கையிலும் துணியிலும் கறை படாது. மெழுகைச் சூடாக்கும்போது நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்க வேண்டும், தீப்பிடிக்கும் பொருள் அது. கனமழையில் ஓட்டினால் மெழுகு சீக்கிரம் போய்விடும், மழைக்காலத்தில் எண்ணெய்க்கே திரும்ப வேண்டியிருக்கும். ரோட்ஸ்டர் வைத்திருப்பவர், கவர் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கழற்றி வைத்திருந்தால், திரும்பப் பொருத்திக்கொள்ளுங்கள். சத்தம் வருவது பெரும்பாலும் செயின் தொய்ந்து தகரத்தில் உரசுவதால், பின் அச்சின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இறுக்கினால் நின்றுவிடும்.